கழுத்தில் கட்டிய கைக்குட்டை

"ரப்பி, இன்னைக்கு அந்தப் பெஸ்யாவை ஜெபக்கூடத்துக்குள்ளே விடக்கூடாது."

செலிக் இதைச் சொன்னபோது வாசற்படியை முழுசாகத் தாண்டக்கூட இல்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் தெருவில்.

ஓய்வுநாள் காலை. ஊரின் மதகுரு ரப்பி உஷேர் ஜெபச் சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார்.

"முதல்லே உள்ளே வாங்க" என்றார்.

செலிக் வந்தார். கையில் துணியில் சுற்றிய தேன் ரொட்டி. பேரன் பிறந்த சந்தோஷத்துக்கு ரப்பி வீட்டுக்கென்று அவர் மனைவி கொடுத்து அனுப்பியது. சொல்ல வந்த அவசரத்தில் அதைக் கொடுக்க மறந்து, அக்குளில் இடுக்கிக்கொண்டே நின்றார்.

செரின்கா என்கிற அந்தச் சின்ன யூத ஊரில் செலிக்தான் ஜெபக்கூடத்து ஊழியர். விளக்குத் துடைப்பது, அடுப்புக்கு விறகு அடுக்குவது, விடியலில் ஜன்னல் ஜன்னலாகத் தட்டி ஆண்களை ஜெபத்துக்கு எழுப்புவது எல்லாம் அவர் வேலை.

வயதில் ரப்பியைவிட மூத்தவர். ஆனாலும் ரப்பியின் சீடர். ரப்பி பாடம் சொல்லும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் கேட்பார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் அப்படியே ஒப்பிப்பார். அந்த அம்மாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்பாள். கொஞ்சம் கூட்டிச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள்.

அன்றைக்கு அவருக்குப் பெரிய நாள். மகள் ஹின்டாவுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் வயிறு திறக்கவில்லை. திறந்தபோது ஆண் குழந்தை. எட்டாம் நாள் நுனித்தோலை வெட்டும் விருத்தசேதனம் செய்து பெயர் வைத்தால்தான் பிள்ளை ஆபிரகாமின் வீட்டுக்குள் வந்த கணக்கு. அந்த எட்டாம் நாள் ஓய்வுநாளாகவே வாய்த்திருந்தது.

சடங்கு செய்கிறவர் பக்கத்து ஊர்க்காரர். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் வந்து, ஜெபக்கூடத்துப் பின்னறையில் தங்கிவிட்டார். கத்தியும் அங்கேதான் இருந்தது. இனி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான் பாக்கி. செத்துப்போன தன் அப்பாவின் பெயரை வைக்கவேண்டும் என்று செலிக் தூங்காமல் காத்திருந்தார்.

"அவ வந்தா என்ன?" ரப்பி கேட்டார்.

செலிக் மூச்சுவிடாமல் கொட்டினார். எல்லாம் ரப்பிக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ரப்பி முதல் தடவை கேட்கிறவர்போலக் கேட்டுக்கொண்டார்.

பெஸ்யாவின் ஒரே மகன் படிக்கிறேன் என்று தலைநகருக்குப் போனான். போனவன் அங்கே ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டான். பெயரை மாற்றிக்கொண்டான். சர்க்கார் வேலையும் கிடைத்தது.

அந்த மாதிரிச் சேதி வந்தால் செரின்காவில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை செத்துவிட்டதாக வைத்துக்கொள்வார்கள். பெற்றவர்கள் உடுப்பைக் கிழித்துக்கொண்டு, துக்க நாள் முடியும்வரை தரையில் உட்காருவார்கள். பிறகு அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள்.

உடுப்பில் கிழிசலுக்கு முதல் வெட்டுப் போட, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனவர் செலிக்தான். பெஸ்யா கதவைப் பாதி திறந்தாள். என் மகன் சாகவில்லை, செத்தால் சொல்லி அனுப்புகிறேன் என்றாள். சாத்திக்கொண்டாள்.

அதோடு விடவில்லை. ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் கம்பளிக் காலுறை பின்னி, வண்டிக்காரனிடம் கொடுத்துத் தலைநகருக்கு அனுப்பினாள். ஊர் அவள் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டது. தலையணை வாங்க மட்டும் போவார்கள். அவளைப்போல வாத்து இறகு சுத்தம் பண்ண ஆளில்லை.

"அவ நிழல் என் பேரன் மேலே விழவேணாம் ரப்பி. அவ்வளவுதான் நான் கேக்கறது."

"ஊர்க்காரங்க எல்லாருக்கும் ஜெபக்கூடம் பொதுவாச்சே."

"அவ ஊர்க்காரி இல்லை. நான் எப்பவோ அவளை ஊர்க் கணக்குலேர்ந்து எடுத்துட்டேன். பஸ்கா பண்டிகைக்கு முன்னே பொது அப்பத்துக்கு வீடு வீடா மாவு வாங்கினேனே, அவ வீட்டு மாவை நான் தொடக்கூட இல்லை."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னார்.



ரப்பி சட்டைப் பைக்குள் கையை விட்டார். மூக்குப்பொடி டப்பாவை எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தார். கண்ணாடிக் கூட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். வீட்டுச் சாவியை எடுத்து வைத்தார்.

கடைசியாகக் கைக்குட்டை வந்தது. அதை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மூலையோடு மூலை சேர்த்து மடித்து, தொண்டை வலிக்காரர்போலக் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

செலிக்கின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

வேறு யாராவது பார்த்திருந்தால் ரப்பிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஜெபக்கூடத்து ஊழியருக்கு அது போதும்.

ஓய்வுநாளில் யூதர்கள் வீட்டிலிருந்து தெருவுக்கு எதையும் எடுத்துக்கொண்டு போகக்கூடாது. தெருவிலிருந்து வீட்டுக்குள்ளும் கொண்டுவரக்கூடாது. ஒரு சாவி கூடாது. பையில் கிடக்கிற கைக்குட்டையும் கூடாது. கட்டிக்கொண்டால் அது உடுப்பு. பையில் வைத்தால் அது சுமை. நடக்காத குழந்தையும் சுமைதான்.

ஆனால் அவரவர் வீட்டுக்குள்ளே எடுக்கலாம், வைக்கலாம். அதனால் பழைய பெரியவர்கள் ஒரு வழி வைத்தார்கள். ஊரையே ஒரு வீடாக ஆக்கிவிடுவது.

ஊரைச் சுற்றிக் கம்பம் நட்டுக் கயிறு கட்டுவார்கள். அது சுவர். வீட்டுக்கு ஒரு பிடி மாவு வாங்கிப் புளிப்பில்லாத அப்பம் ஒன்று சுட்டு, ஜெபக்கூடத்துச் சுவரில் துணிப்பையில் தொங்கவிடுவார்கள். அது அடுப்பு. ஒரே சுவர், ஒரே அடுப்பு என்றால் ஒரே வீடு. அப்புறம் யாரும் எதையும் எடுத்துக்கொண்டு தெருவில் போகலாம்.

கயிற்றுக்குள் இருக்கும் மற்ற மதத்துக்காரர்களின் வீடு ஒன்றும் இடைஞ்சல் இல்லை. அதற்கு ஊர்ப் பிரபுவின் சம்மதம் போதும், அதை வாங்கியாயிற்று. யூத வீடு ஒன்று மாவு கொடுக்காமல் விட்டுப்போனால்தான் வம்பு. அடுப்பு இரண்டாகிவிடும். தெரு முழுக்க அடைந்துபோகும், எல்லாருக்கும்.

செலிக்கின் அக்குளில் தேன் ரொட்டி கனத்தது.

"இதை எங்கே வைக்கிறது ரப்பி?"

"வந்தது வந்துருச்சு. மேஜை மேலே வைங்க."

வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாதாட ஆரம்பித்தார்.

"நான் தெரியாமப் பண்ணலை ரப்பி. யோசிச்சுதான் பண்ணினேன். செத்தவனுக்குத் துக்கம் இருக்காதவ, அவளும் செத்தவதான். அந்த வீட்டைக் காலி வீடுன்னு வச்சேன். காலி வீடு தெருவை அடைக்காதுன்னு நீங்கதானே பாடம் சொன்னீங்க?"

"சொன்னேன். காலி வீடு அடைக்காது."

"அப்போ சரிதானே?"

"சரிதான். ஜெபக்கூடத்துக்குள்ளே விடக்கூடாதுன்னீங்களே, அங்கே வாசல்லே நின்னு நான் யாரைத் தடுக்கணும்?"

 

ரப்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிளம்புகிற அவசரம் அவரிடம் இல்லை.

"வேற ஒரு வழியும் இருக்கு" என்றார். "பெஸ்யா நம்ம ஆள் இல்லேன்னா அந்த வீடு நம்மளைத் தடுக்காது. பிரபு சம்மதமே போதும். சொல்லுங்க. அவ யூதப் பொம்பளை இல்லைன்னு வாயாலே சொல்லுங்க. இந்தக் கைக்குட்டையை அவுத்துடறேன். நீங்க போய்ப் பேரனைத் தூக்கிட்டு வாங்க."

ரொம்பச் சின்ன வேலை. இத்தனை வருஷமாக மீன்கடையிலும் குளியல் வீட்டிலும் செலிக் சொல்லிக்கொண்டிருந்ததுதான் அது. இன்னும் ஒரே ஒரு தடவை சொன்னால் போதும்.

செலிக் நின்றுகொண்டே இருந்தார்.

பெஸ்யாவும் அவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அவளுடைய அப்பா வெள்ளிக்கிழமை மெழுகுவர்த்தி வாங்கக் கடைத்தெருவுக்கு வரும்போது கையைப் பிடித்துக்கொண்டு வரும் செம்பட்டைத் தலைமுடிக்காரி. அவளுடைய அம்மா செத்தபோது, சவக்குழி வரைக்கும் விளக்கைப் பிடித்துக்கொண்டு போனவர் செலிக்.

"சொல்ல வரலை ரப்பி" என்றார்.

"சரி."

"அடுப்பு மூட்ட வர மிகீத்தா நம்ம மதத்துக்காரன் இல்லையே, பேரனைத் தூக்கிட்டு வர அவனைச் சொல்லட்டுமா?"

"மிகீத்தா எங்கே?"

அப்போதுதான் செலிக்குக்கு ஞாபகம் வந்தது. மிகீத்தா மச்சினன் கல்யாணத்துக்கென்று ஊரிலிருந்த தன் மதத்துக்காரர்கள் எல்லாரோடும் முந்தின நாளே மலையடிவாரத்துக்குப் போய்விட்டான். ஆசையாக வழியனுப்பி வைத்ததும் செலிக்தான்.

"அப்போ இன்னும் ஒரே ஒரு வாய்தான் இந்தத் தெருவைத் திறக்கமுடியும்" என்றார் ரப்பி. "யார் வாய்ன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட பாடம்தான். விட்டுப்போன வீட்டுக்காரர், தெருவில் எனக்குள்ள பங்கை ஊருக்கு விட்டுக்கொடுத்தேன் என்று தன் மனசாரச் சொல்லிவிட்டால் தெரு திறந்துகொள்ளும். ஓய்வுநாளிலும் சொல்லலாம். யாரும் மிரட்டிச் சொல்லவைக்க முடியாது.

"யாரையாவது அனுப்புங்க ரப்பி. உங்க வீட்டம்மாவை அனுப்புங்க. அவங்க கேட்டா இளகுவா."

"மாவு வாங்கப் போனது என் வீட்டம்மாவா?"

செலிக் தலையைக் குனிந்துகொண்டார். வழியில் பார்க்கிறவர்களிடம் சேதியைச் சொல்லிக்கொண்டே போகட்டுமா என்று கேட்டார். முதலில் சொல்லவேண்டிய ஆளிடம் சொல்லுங்கள் என்றார் ரப்பி.

"நான் போய் மேடையேறி எல்லாருக்கும் சொல்லத்தான் வேணும். ஆனா எனக்கு இன்னைக்குக் கால் சரியில்லை. மெதுவாத்தான் நடப்பேன். போற வழியிலே உங்க வீட்டையும் பாத்துட்டுப் போவேன்."

ரப்பியின் காலில் ஒரு நோவும் இருந்ததில்லை. செலிக்குக்கு அது தெரியும். ஓட்டமும் நடையுமாகப் புறப்பட்டார்.

தெருவில் ஊர் ஜெபக்கூடத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் அவரை மறித்து வாழ்த்துச் சொன்னார்கள். என்ன எதிர்ப்பக்கம் ஓடறே, பேரனை மறந்துட்டியா என்று தையல்காரர் ஃபைவிஷ் கிண்டல் பண்ணினார்.

செலிக் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கைகளைத்தான் பார்த்தார்.

ஃபைவிஷின் அக்குளில் ஜெபப் புத்தகம். அவர் மனைவியின் இடுப்பில் பேத்தி. எதிரே வந்தவளின் கையில் தண்ணீர்க் கூஜா. குருட்டு ஹீர்ஷின் கையில் ஊன்றுகோல், மறு கையில் வெங்காயம் சுற்றிய துணி. எல்லாரும் நிம்மதியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். பஸ்கா முடிந்து இத்தனை ஓய்வுநாளும் இப்படித்தான் போயிருக்கிறார்கள்.

அவருடைய கை இரண்டும் காலியாக இருந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.

பெஸ்யாவின் வீடு தோல் பதனிடுகிற இடத்துக்கு அப்பால், ஊர்க்கோடியில். கயிறு கட்டிய கம்பம் ஒன்று அவள் வீட்டுச் சுவரை ஒட்டியே நின்றது. வெள்ளிக்கிழமை தவறாமல் செலிக் அங்கே வருவார். கயிறு அறுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார். போய்விடுவார். கதவுப் பக்கம் திரும்பியதில்லை.

கதவு திறந்திருந்தது. பெஸ்யா ஓய்வுநாள் சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு சின்னத் தலையணை. கைக்குழந்தைக்குப் போடுகிற அளவு. ஓரத்தில் வெள்ளைப் பின்னல் வைத்துத் தைத்திருந்தது.

செலிக்கைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"யாரு செத்தா?"

"யாரும் சாகலை."

"அப்போ எதுக்கு வந்தே? போன தடவை வந்தப்போ கத்தரிக்கோல் கொண்டுவந்தே."

செலிக் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"நல்லதாப் போச்சு" என்றாள். "உன் பேரனைப் பாக்கத்தான் கிளம்பினேன். நீ கூப்பிடலை, தெரியும். ஜெபக்கூடத்துக்குக் கூப்பிட்டாத்தான் போவாங்களா?"

செலிக் எல்லாவற்றையும் சொன்னார். வழியெல்லாம் யோசித்து வைத்த நயமான பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. மாவு வாங்காததைச் சொன்னார். காலி வீடு என்று வைத்ததைச் சொன்னார். தெரு அடைந்து கிடப்பதைச் சொன்னார். பேரன் வீட்டில், கத்தி ஜெபக்கூடத்தில், நடுவில் தெரு என்று சொன்னார்.

பெஸ்யா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டாள். தலையணையை ஒரு கையால் தட்டித் தட்டி உப்பவைத்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள். "நல்ல மாவு. ரெண்டு தரம் சலிச்சு, கிண்ணத்திலே போட்டு இந்தப் படியிலே வச்சிருந்தேன். நீ பக்கத்து வீட்டோட திரும்பிட்டே. மறந்துட்டான், வருவான்னு சாயங்காலம் வரைக்கும் பாத்தேன். அப்புறம் வாத்துங்க தின்னுச்சு."

செலிக் அந்தப் படியைப் பார்த்தார்.

"அந்த வாத்து இறகுதான் இது" என்று தலையணையைக் காட்டினாள். "என் இறகுலே தலை வச்சுத் தூங்குவே. என் வீடு மட்டும் உனக்குக் காலி வீடு."

 செலிக்கின் வீட்டிலிருந்த தலையணை எல்லாம் அவள் அடைத்ததுதான்.

"நான் மாட்டேன்னு சொன்னா?"

"இன்னைக்கு என் பேரன் உள்ளே வரமுடியாது. எட்டாம் நாள் போயிடும்."

"சொன்னா?"

"வரலாம். எல்லாரும் எல்லாத்தையும் தூக்கிட்டுப் போகலாம்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நாக்கு அங்கேயே நிற்கத்தான் பார்த்தது. செலிக் மிச்சத்தையும் சொன்னார்.

"பங்கை விட்டவங்க வீடு மட்டும் மூடிப்போகும். உன் வீட்டுலேர்ந்து எதையும் வெளியே கொண்டுவரக்கூடாது. வெளியேர்ந்து உள்ளேயும் கூடாது. இன்னைக்குப் பொழுது சாயற வரைக்கும்."

பெஸ்யா தலையணையைத் தட்டுவதை நிறுத்தினாள்.

"ஊருக்கெல்லாம் திறக்கும். எனக்கு மட்டும் பூட்டு."

"ஆமா."

"இதைச் சொல்லாம மறைச்சிருக்கலாமே நீ."

"மறைச்சா நீ அந்தத் தலையணையை எடுத்துட்டு வந்திருப்பே. உனக்குப் பாவம் சேர்ந்திருக்கும்."

"ஓ. என் பாவத்தைப் பத்திக்கூடக் கவலைப்படறியா."

கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. சுவரோரம் கம்பத்தைப் பார்த்தாள். கயிறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கறேன் செலிக். எங்க வீட்டுலேயும் ஒரு எட்டாம் நாள் நடந்துச்சு. பனி கொட்டின வருஷம். அன்னைக்குக் குழந்தையை ஜெபக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போனது யாரு?"

"நான்தான்."

அப்போது அவர் வேலைக்குச் சேர்ந்த புதுசு. காற்று ஆளைத் தள்ளியது. குழந்தைக்கு நோவு வந்துவிடும் என்று கோட்டைத் திறந்து நெஞ்சோடு வைத்து மூடிக்கொண்டு நடந்தார். அது வழி முழுக்க அவருடைய தாடியைப் பிடித்து இழுத்தது.

"யாரைத் தூக்கிட்டுப் போனே?"

ஊரில் யாரும் வாயால் சொல்லக்கூடாத பெயர். சொன்னால் நாக்கில் தீட்டு என்று விதித்ததில் செலிக்குக்கும் பங்கு உண்டு.

"லெய்பை" என்றார்.

பெஸ்யா கண்ணை மூடிக்கொண்டாள். தன் வாயைத் தவிர வேறொரு வாயிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டு எத்தனையோ காலமாயிற்று.

"அவன் உயிரோட இருக்கானா, செத்துட்டானா?"

தூரத்தில் ஜெபக்கூடத்திலிருந்து ஆண்கள் குரல் கேட்டது. முதல் சங்கீதத்தை ஆரம்பித்துவிட்டார்கள்.

"உயிரோட இருக்கான்" என்றார் செலிக்.

பெஸ்யா உள்ளே போனாள். தலையணையை நாற்காலிமேல் வைத்தாள். ஒரு தடவை தடவிக்கொடுத்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள். படியில் நின்று, அந்தத் தெருவிடமே சொல்வதுபோல, எனக்குள்ள பங்கை ஊருக்கு விட்டுக்கொடுத்தேன் என்று நிதானமாகச் சொன்னாள்.

சொல்லிவிட்டு செலிக்கைப் பார்த்தாள்.

"நான் வரட்டுமா, வேணாமா?"

"வா."

இருவரும் நடந்தார்கள். பெஸ்யா கைகளைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள். என் கை சும்மா இருந்து பழக்கமில்லை என்று பாதி வழியில் சொன்னாள்.  செலிக்கின் கையும் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

செலிக்கின் வீட்டு வாசலுக்கு ரப்பி அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். அவ்வளவு மெதுவாக நடந்திருக்கிறார்.

உள்ளே ஹின்டா கட்டிலில் சாய்ந்திருந்தாள். மடியில் குழந்தை. பக்கத்தில் செலிக்கின் மைத்துனி ஃப்ரூமா, பட்டுப் பாவாடை சரசரக்க நின்றாள். தாயின் மடியிலிருந்து குழந்தையை வாங்கி ஜெபக்கூடத்துக்குக் கொண்டுபோகிற பெருமை அவளுக்கென்று பேசிவைத்திருந்தது. அதற்காகவே பட்டணத்திலிருந்து வண்டி கட்டி வந்திருந்தாள். ஏன் இவ்வளவு தாமதம் என்று கண்ணாலேயே கேட்டாள்.

"விட்டுக்கொடுத்துட்டா ரப்பி" என்றார் செலிக், மூச்சிரைக்க.

"நல்லது."

"மனசாரச் சொன்னா. என் காதாலே கேட்டேன்."

"நல்லது செலிக்."

ஆனால் கைக்குட்டை ரப்பியின் கழுத்திலேயே இருந்தது.

செலிக் அதைப் பார்த்தார். மறந்துவிட்டாரோ என்று கொஞ்சம் காத்திருந்தார். ரப்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டார். காலைக் காற்று அவருக்கு எப்போதும் ஆகாது. கைக்குட்டை தேவைப்படுகிற மூக்குதான். ஆனாலும் அவர் முடிச்சைத் தொடவில்லை.

"சட்டப்படி சரியாயிடுச்சுதானே ரப்பி? தெரு திறந்துடுச்சுதானே?"

"சட்டப்படி சரியாயிடுச்சு. தெரு திறந்துடுச்சு."

"அப்போ நீங்க ஏன் இன்னும்..."

 ரப்பி மறுபடி மூக்கை உறிஞ்சினார்.

செலிக் திரும்பிப் பார்த்தார்.

பெஸ்யா வாசல்படி ஏறவில்லை. எதிர்ச் சுவரோரம் நின்றாள். கை இரண்டும் சால்வைக்குள். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் ஏதோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தரும் அவளைப் பார்க்கவில்லை.

செலிக் ரப்பியின் கழுத்தைப் பார்த்தார். பெஸ்யாவின் சால்வையைப் பார்த்தார். மறுபடி கழுத்தைப் பார்த்தார்.

அந்தப் பாடத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. போன குளிர்காலத்தில் ரப்பி சொன்னது. மனைவியிடம் ஒப்பித்தபோது செலிக் அதை விட்டுவிட்டார். அது யாருக்கு உதவப்போகிறது என்று நினைத்திருந்தார்.

"ரப்பி, பங்கை விட்டவங்க தங்களோட வீட்டுலேர்ந்துதான் எடுக்கக்கூடாது. இல்லையா?"

"ஆமா."

"அடுத்தவங்க வீட்டுலேர்ந்து?"

"அங்கே அவங்க விருந்தாளி. விருந்தாளி எடுக்கலாம்."

"பெஸ்யாவும் எடுக்கலாமா?"

"கூப்பிட்டா" என்றார் ரப்பி.

செலிக் உள்ளே போனார். ஃப்ரூமாவின் காதில் ஏதோ சொன்னார். பட்டுப் பாவாடை ஒருமுறை பலமாகச் சரசரத்து, பின் அடங்கியது. ஹின்டா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். என்ன கண்டாளோ, ஒரு வார்த்தை கேட்காமல் குழந்தையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

செலிக் வாசற்படி வரைக்கும் வந்து நின்றார்.

"பெஸ்யா. உள்ளே வா."

ரப்பியைக் காணோமே என்று ஜெபக்கூடத்திலிருந்து தேடி வந்த தையல்காரர் ஃபைவிஷ் சட்டென்று நின்றார். அவர் மனைவியும் நின்றாள்.

"எதுக்கு?" என்றாள் பெஸ்யா.

"வந்து கையை நீட்டு."

அவள் வந்தாள். படியேறி உள்ளே வந்து, சால்வைக்குள்ளிருந்து கைகளை எடுத்தாள். இறகு பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. அந்த விரல்களைச் சால்வையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

செலிக் குழந்தையை அதில் வைத்தார்.

"கனமா இருக்கான்" என்றாள், யாரிடமோ.

வெளியே காற்று வேகமெடுத்தது. பெஸ்யா சால்வையைத் திறந்து, குழந்தையை நெஞ்சோடு வைத்து மூடிக்கொண்டாள். படியிறங்கித் தெருவில் கால் வைத்தாள்.

ரப்பி கழுத்திலிருந்த முடிச்சை அவிழ்த்தார். மூக்கை நன்றாகச் சிந்தினார். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.